வாயால் படிக்க வேண்டிய வினைச்சொற்கள்

சுவிஸில் பிரெஞ்சு பேசுகிற பக்கத்தில் இருக்கிற லொசானில், ஜேர்மன் படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் அந்தக் கடதாசி கட்டாயம் இருக்கும். ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சு, நாலு நிரல். முதலாவதில் வினைச்சொல், அடுத்ததில் அதன் இறந்தகாலம், மூன்றாவதில் ‘போயிருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன்’ என்று சொல்லத் தேவைப்படுகிற வடிவம், கடைசியில் பிரெஞ்சுக் கருத்து. மேலே ‘ஒழுங்கற்ற வினைகள்’ என்று பிரெஞ்சில் கொட்டை எழுத்துத் தலைப்பு. பிள்ளைகள் இதை ஃபீஷ் என்பார்கள். எங்கள் வீட்டில் அது குசினியில், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. இந்தக் கன்டனில், அதாவது மாநிலத்தில், எட்டு வயதளவில் ஜேர்மன் தொடங்குகிறது. பதினோராம் ஆண்டு முடிவில் வருகிற சான்றிதழ்ச் சோதனையிலும் அது உண்டு. ஆகவே எந்தப் பெற்றோரும் அந்தக் கடதாசியை அலட்சியம் பண்ணுவதில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வரச்சொல்லி விடுவார்கள். வகுப்பில் முதல் நிரலை மட்டும் தந்து மற்றதையெல்லாம் நிரப்பச் சொல்வார்கள். பேச்சில்லை, சத்தமில்லை. பேனை மட்டும்தான்.

பாடமாக்குவதோடு எனக்குச் சண்டை கிடையாது. இங்கே பள்ளிக்கூடக் கூட்டங்களில் ‘பாடமாக்குதல்’ என்றாலே சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள்; பிள்ளையின் கற்பனை கெட்டுப்போகும் என்பார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் வாய்பாட்டையும் தேவாரத்தையும் ‘கோ, வென்ட், கோன்’ என்று ஆங்கில வினைகளையும் வகுப்பே சேர்ந்து சத்தமாகச் சொல்லிப் படித்த தலைமுறை நாங்கள். அது எங்களைக் கெடுக்கவில்லை. இன்றைக்கும் ஆங்கிலம் பேசும்போது எனக்குக் கைகொடுப்பது அந்தச் சத்தம்தான். மனதுக்குள் அடங்காமல் கிடந்த கேள்வி வேறு. மனிதர் வாயில் ஆயிரக்கணக்கான வருடம் உருண்டு வந்த சொற்களை ஏன் ஒரு பிள்ளை வாய் திறக்காமல் படிக்க வேண்டும்? அதுவும் ஏன் அகரவரிசையில்?

அந்த அகரவரிசை என்ன செய்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். ‘பீட்டன்’ என்றால் கொடுக்க முன்வருவது: பீட்டன், போட், கெபோட்டன். ‘பிட்டன்’ என்றால் கேட்டுக்கொள்வது: பிட்டன், பாட், கெபேட்டன். ஓர் உயிரெழுத்தின் நீளத்தில்தான் இரண்டுக்கும் வித்தியாசம். இந்த இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து, ஒரே இரவில் பாடமாக்கு என்றால் எந்தப் பிள்ளைக்கும் குழம்பத்தான் செய்யும். கொஞ்சம் கீழே ‘ஃபாரன், ஃபல்லன், ஃபாங்கன்’ என்று மூன்று சொற்கள் வரிசையாக நிற்கும். பயணம் போவது, விழுவது, பிடிப்பது. மூன்றும் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. இறந்தகாலத்தில் ஃபூர், ஃபீல், ஃபிங் என்று மூன்று திசைக்குப் போய்விடுகின்றன. அதே நேரம், ஒன்றைப் பிடித்தால் மற்றது தானாகவே வரக்கூடிய சொற்கள் தாளின் இரண்டு கோடிகளில் கிடக்கின்றன. ‘ஃபிண்டன்’ முன்பக்கம், ‘ட்ரிங்கன்’ பின்பக்கம். கலியாண வீட்டில் சொந்தக்காரரைப் பேரின் முதலெழுத்துப் பார்த்து இருத்திவிட்ட மாதிரி: தாய் ஒரு மூலையில், பிள்ளை வேறொரு மூலையில், பக்கத்துக் கதிரையில் முன்பின் தெரியாத ஆள்.

மகளின் சோதனைத் தாள் ஒன்று திரும்பி வந்தபோது ‘ட்ரிங்க்டெ’ என்று அவள் எழுதியிருந்ததைச் சிவப்புப் பேனை வெட்டியிருந்தது. சரியான வடிவம் ‘ட்ராங்க்’, குடித்தேன். மூன்றாவது நிரலில் ‘கெட்ருங்கன்’ என்று சரியாக எழுதியிருந்தும் அந்த வரிக்குப் புள்ளி இல்லை. ஆறுக்கு மூன்றரை. நாலு எடுத்தால்தான் இங்கே தேர்ச்சி. தாளை மேசையில் வைத்துவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பிழையைப் பார்த்ததும் எனக்கு உண்மையில் அவள்மேல் மதிப்புத்தான் வந்தது. ஜேர்மனில் ஒழுங்கான வினைகளுக்கு இறந்தகாலத்தில் ‘டெ’ வரும்: ஸாகன், ஸாக்டெ, கெஸாக்ட். சொல்கிறேன், சொன்னேன். அந்த விதியை அவள் பிடித்திருக்கிறாள். தெரியாத இடத்தில் அதைப் பிரயோகித்தும் பார்த்திருக்கிறாள். ஜேர்மனைத் தாய்மொழியாகப் பேசுகிற மூன்று நாலு வயதுப் பிள்ளைகளும் இதே பிழையைத்தான் விடுகிறார்கள். ‘கெட்ருங்கன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கெட்ரிங்க்ட்’ என்பார்கள். அவர்களை யாரும் சிவப்புப் பேனையால் வெட்டுவதில்லை. தாய் சரியான சொல்லைத் தன் வாயால் திருப்பிச் சொல்வாள், பிள்ளை கேட்டுக்கொள்ளும்.

தமிழிலும் இதே கதைதான். என் மகள் சின்ன வயதில் ‘நான் பாட்டுக் கேளினேன்’ என்றாள். ஓடினேன், பாடினேன், ஆடினேன் என்று கேட்ட காது, கேளினேன் என்றது. இறந்தகால இடைநிலை த், ட், ற், இன் என்று நாங்கள் இலக்கணப் பாடத்தில் படித்தது உண்மை. ஆனால் எந்த வினை எதை எடுக்கும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? நில் என்றால் நின்றேன், செல் என்றால் சென்றேன், வெல் என்றால் வென்றேன். ஆனால் கல் என்றால் கற்றேன், வில் என்றால் விற்றேன், சொல் என்றால் சொன்னேன். எல்லாம் ‘ல்’ இல் முடிகிற சின்னச் சின்னச் சொற்கள், மூன்று வழிக்குப் பிரிந்து போகின்றன. இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமைகளில் போகிற பிள்ளைகள் இதில்தான் தடக்குப்படுகிறார்கள். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘நின்றேன்’ யோசிக்காமல் வரும். கொப்பியில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு வராது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வினைச்சொற்களை 13 வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வினைக்கும் எண் போட்டிருக்கிறது. அந்தப் பிரிப்புக்கு அடிப்படை போட்டவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழ் படித்த கார்ல் கிரவுல் என்ற ஜேர்மன் பாதிரியார். எங்கள் வினைகளின் உறவுமுறையை உட்கார்ந்து பிரித்தவர் ஒரு ஜேர்மன்காரர் என்பதை நினைத்தால், அவருடைய மொழியின் வினைகளை எங்கள் பிள்ளைகள் உறவு தெரியாமல் படிக்கிறார்களே என்று மனம் இன்னும் கூடுதலாகத் துடிக்கிறது.

கிரவுலுக்கும் முன்னர் வந்த ஜேர்மன் பாதிரியார் சீகன்பால்கு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். தமிழ் எழுத்துப் படிக்க, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்து மணலில் விரலால் எழுதினார். 1716இல் அவருடைய தமிழ் இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டு ஜேர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவதுதான் அந்தப் பள்ளிக்கூடங்களின் முறை. அவர் இலக்கணம் எழுதியது பிந்தி. காதால் கேட்டது முந்தி.

பேர்ணில் ஒரு பின்னேரம்

என் அண்ணா குடும்பம் பேர்ணில் இருக்கிறது. இங்கிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அண்ணாவின் மகனுக்கு என் மகளைவிட மூன்று வயது கூட. அங்கேயே பிறந்து வளர்ந்தவன், பேர்ண் ஜேர்மன்தான் அவனுடைய விளையாட்டு மொழி. அந்தச் சோதனைக்குப் பிறகு ஒரு லீவு நாளில் அங்கே போயிருந்தோம். ‘மச்சானிட்டைக் கேள், அவன் சொல்லித் தருவான்’ என்று அண்ணிதான் ஃபீஷைக் கையில் எடுத்துக் கொடுத்தா. அவன் தாளை மேலும் கீழும் பார்த்தான். ‘இஷ் கிங், இஷ் காம்’ என்று இரண்டாவது நிரலில் சில வரிகளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்: “மாமி, இதை நாங்கள் கதைக்கிறேல்லை. வாசிக்கிறதுக்கும் எழுதுறதுக்கும் மட்டும்தான்.”

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப என்னை ஏன் பாடமாக்கச் சொல்லினம்?” என்றாள்.

அவன் சொன்னது முழு உண்மை. சுவிஸ் ஜேர்மன் பேச்சில் அந்த இரண்டாவது நிரல் கிடையாது. ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டளவில் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துப் பேச்சு வழக்குகளில் இருந்து அந்த இறந்தகாலம் மெல்ல மெல்லக் கழன்று போய்விட்டது. ‘நான் போனேன்’ என்பதற்குப் புத்தக ஜேர்மனில் ‘இஷ் கிங்’ என்று எழுதலாம். பேர்ணில் சொல்வது ‘இ பி கங்கெ’. மூன்றாவது நிரல் வடிவத்தோடு ஒரு துணைவினை, அவ்வளவுதான். தெற்கு ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் பேச்சில் பெரும்பாலும் இதே நிலைதான். ஆனால் அங்கே ‘இருந்தேன்’ என்கிற ‘வார்’ மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. சுவிஸில் அதுவும் இல்லை. லொசானில் எங்கள் பிள்ளைகள் இரவிரவாகப் படிக்கிற நிரல், அவர்கள் ரயிலேறிப் போனால் கதைக்கப் போகிற ஆட்களின் வாயில் இல்லாத நிரல். இதை எந்த ஃபீஷும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால், முதலில் எதைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கே விளங்கியிருக்கும்: கதைக்கிறதுக்கு மூன்றாவது நிரல், வாசிக்கிறதுக்கு இரண்டாவது.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ‘நாங்கள் இதைக் கதையிலைதான் வாசிக்கிறனாங்கள்’ என்று சொல்லிக்கொண்டே எழும்பிப் போனவன், தன்னுடைய பழைய கதைப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிரிம் சகோதரர்களின் கதைகள், சுருக்காத மூல வாசகம். சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும் வருகிற கதையை எடுத்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். அவனுக்கு அது சிறுபிள்ளைக் கதை. இருந்தாலும் ஓநாய்க்கு ஒரு குரல், பாட்டிக்கு ஒரு குரல் வைத்து வாசித்தான். மகள் ஃபீஷை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள். ‘கிங்’ வந்தது, ‘காம்’ வந்தது, ‘ஷ்ப்ராஹ்’ வந்தது, ‘ஸா’ வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவளுடைய விரல் தாளில் அந்த வரிக்கு ஓடியது. ஓநாய் தாழ்ப்பாளை அமத்த, கதவு ‘ஷ்ப்ராங் அவுஃப்’, பட்டென்று திறந்தது. ‘ஷ்ப்ரிங்கன், ஷ்ப்ராங், கெஷ்ப்ருங்கன்’ என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. உள்ளே போன ஓநாய் பாட்டியை விழுங்குகிற இடத்தில் ‘ஃபெர்ஷ்லுக்டெ’ என்று வருகிறது. ‘டெ’ சத்தம் கேட்டதும் இது ஒழுங்கான வினை என்று அவளே சொன்னாள். கொஞ்சம் கழித்து அதே ஓநாய் சிறுமியையும் விழுங்குகிறது. அந்த இடத்தில் சொல் மாறுகிறது: ‘ஃபெர்ஷ்லாங்’.

மகள் தாளில் தேடினாள், அது அங்கே இல்லை. ஒரு கணம் கூரையைப் பார்த்தாள். பிறகு மச்சானைப் பார்த்து, “ஃபெர்ஷ்லிங்கன், ஃபெர்ஷ்லாங், ஃபெர்ஷ்லுங்கன். சரியோ?” என்றாள்.

சரி. மூன்றும் சரி. முன்பின் கண்டிராத ஒரு வினையை, நடுவில் இருந்த ஒரே ஒரு வடிவத்தைக் கேட்டே முன்னும் பின்னும் கட்டிவிட்டாள். அந்தத் தாளை எத்தனை தரம் எழுதி எழுதிப் பார்த்திருந்தாலும் இது வந்திருக்காது. ஸிங்கன், ஸாங், கெஸுங்கன். ட்ரிங்கன், ட்ராங்க், கெட்ருங்கன். ஃபிண்டன், ஃபாண்ட், கெஃபுண்டன். ஷ்ப்ரிங்கன், ஷ்ப்ராங், கெஷ்ப்ருங்கன். இ, ஆ, உ. இது ஆங்கிலத்தில் நாங்கள் கத்திக் கத்திப் படித்த ‘ஸிங், ஸாங், ஸங்’ தான் என்று நான் சொன்னதும் அவளுக்கு இன்னும் சந்தோஷம். இரண்டு மொழிக்கும் மூதாதை ஒன்று. அந்த இ, ஆ, உ ஓட்டம் ஆங்கிலமும் ஜேர்மனும் பிரிவதற்கு முந்தியது.

ஒழுங்கு உண்டு, வேறு ஒழுங்கு

கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம் கதை சேர்த்தவர் மட்டுமல்ல. கதைகளின் முதல் தொகுதி 1812இல் வந்தது. 1819இல் அவர் தன் ஜேர்மன் இலக்கணத்தை வெளியிடத் தொடங்கினார். வெளியிலிருந்து ‘டெ’ என்ற ஒட்டைச் சேர்த்து இறந்தகாலம் ஆக்குகிற வினைகளுக்கு ‘மெலிய வினைகள்’ என்று பேர் வைத்தார். தன் உயிரெழுத்தையே மாற்றித் தானாகவே இறந்தகாலம் ஆகிறவை அவருக்கு ‘வலிய வினைகள்’. ஜேர்மன் பிள்ளைகளின் புத்தகங்களில் இன்றைக்கும் இந்தப் பேர்கள்தான். எங்கள் பிள்ளைகளின் தாளில்தான் ‘ஒழுங்கற்றவை’. மரபு இலக்கணம் இவற்றை ஏழு வகுப்பாகப் பிரிக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வரலாறு முழுக்க வேண்டாம். ஆனால் ஒரு சத்தம் எத்தனை வினைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று காட்டலாம். ப்ளைபன், ப்ளீப், கெப்ளீபன் (தங்குதல்) தெரிந்தால் ஷ்ரைபன், ஷ்ரீப், கெஷ்ரீபன் (எழுதுதல்) கையில் வந்தாயிற்று. ஏறுவதும் மௌனமாக இருப்பதும் அதன் பின்னாலே வரும். ஃப்ளீகன், ஃப்ளோக், கெஃப்ளோகன் (பறத்தல்) தெரிந்த பிள்ளைக்கு, முதலில் குழப்பிய அந்த ‘பீட்டன், போட், கெபோட்டன்’ தன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். பிட்டனோடு இனி மோதாது. ஸைன், வார், கெவேஸன் (இருத்தல்) மாதிரி எதற்கும் அடங்காதவை சில உண்டுதான். அவற்றைத் தனியாகப் பாடமாக்கிக்கொள்ளலாம்.

இந்தப் பழைய வடிவங்கள் ஏன் சாகாமல் நிற்கின்றன என்பதற்கும் பதில் வாயில்தான் இருக்கிறது. 2007இல் நேச்சர் சஞ்சிகையில் ஆங்கில வினைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டு, 1,200 வருடத்தில் அவற்றுக்கு என்ன நடந்தது என்று பார்த்தார்கள். இன்றைக்கு அவற்றில் 98தான் அப்படியே இருக்கின்றன. மற்றவை ‘எட்’ ஒட்டை எடுத்துக்கொண்டன. ஆட்கள் அடிக்கடி சொல்கிற வினை மாறாமல் நிற்கிறது, எப்போதாவது சொல்கிற வினை மாறிவிடுகிறது. நூறு மடங்கு குறைவாகப் புழங்குகிற வினை பத்து மடங்கு வேகமாக ஒழுங்காகிறது என்று கணக்கே போட்டார்கள். உதவுதல் என்ற வினையை எடுங்கள். ஆங்கிலத்தில் அது ‘ஹெல்ப்ட்’ ஆகிவிட்டது. ஜேர்மனில் இன்னும் ஹெல்ஃபன், ஹால்ஃப், கெஹோல்ஃபன் என்றே கிடக்கிறது. இருத்தல், போதல், வருதல், சாப்பிடுதல், குடித்தல், தூங்குதல், எழுதுதல், சாதல் என்று வீட்டுக்குள் நாள் முழுக்கப் புழங்குகிற சொற்கள்தான் அந்தத் தாளில் இருப்பவை. சொல்லிச் சொல்லியே உயிரோடு இருக்கிற சொற்களைச் சொல்லாமல் படி என்பது என்ன நியாயம்?

பெற்றோர் சந்திப்பில் இதை ஆசிரியையிடம் கேட்டேன். நல்ல மனுசி, பொறுமையாகக் கேட்டா. அகரவரிசை இருந்தால் பிள்ளைக்குத் தேடி எடுக்க வசதி, வகுப்பில் இருபதுக்கு மேல் பிள்ளைகள், ஒவ்வொருவரையும் வாயால் சொல்லவைக்க நேரமில்லை என்றா. தேடி எடுக்க அகரவரிசை வசதிதான், நான் மறுக்கவில்லை. அகராதிக்கு அது வேண்டும். ஆனால் மனதில் பதிக்கக் கொடுக்கிற தாள் அகராதி இல்லையே. இருபது பேரைத் தனித்தனியாகக் கேட்க நேரமில்லை என்றால், இருபது பேரும் சேர்ந்து சொல்லலாம். இரண்டு நிமிடம் போதும். எங்கள் பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர் சொன்னோம். சோதனையிலும் தனிச் சொல்லுக்குப் பதிலாக நாலு வரிக் கதையைக் கொடுத்து, வினைகளை இறந்தகாலத்தில் போடச் சொல்லலாம். அந்த வடிவம் வாழ்கிற இடம் கதைதானே. ‘ட்ரிங்க்டெ’ என்று எழுதின பிள்ளைக்கு அரைப் புள்ளியாவது கொடுக்கலாம், மூன்றாவது நிரல் சரியாக இருக்கும்போது. இதையெல்லாம் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். யோசிக்கிறேன் என்றா.

வீட்டில் நாங்கள் காத்திருக்கவில்லை. மகள் ஃபீஷைக் கத்தரிக்கோலால் வரி வரியாக வெட்டி, சத்தம் பார்த்துக் கூட்டம் கூட்டமாக ஒரு கொப்பியில் ஒட்டிவிட்டாள். எந்தக் கூட்டத்திலும் சேராதவற்றுக்குக் கடைசிப் பக்கம். சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது நான் ‘நேமன்’ என்று எடுத்துக் கொடுப்பேன், அவள் ‘நாம், கெநொமன்’ என்று முடிப்பாள். எனக்கு ஜேர்மன் தெரியாது. பிரெஞ்சையே வந்த பிறகுதான் படித்தேன். ஆனால் தாளைப் பார்த்து ஒரு சொல் எடுத்துக் கொடுக்க மொழி தெரிய வேண்டியதில்லை. அவளுடைய தகப்பன் வேலையால் வந்தால் அவரும் சேர்ந்துகொள்வார். அடுத்த சோதனையில் ஐந்து வந்தது.

இப்போது புதுப் பாடம் வந்திருக்கிறது: ‘வந்தால் நல்லது, இருந்தால் போவேன்’ என்று நினைத்துச் சொல்கிற வடிவங்கள். அவை அந்த இரண்டாவது நிரலிலிருந்தே பிறக்கின்றன. ‘காம்’ என்பதிலிருந்து ‘கேமெ’, ‘வார்’ என்பதிலிருந்து ‘வேரெ’. இதைப் படித்த அன்றே அவள் பேர்ணுக்குத் தொலைபேசி எடுத்து, இதுவாவது நீங்கள் கதைக்கிறீர்களா என்று மச்சானைக் கேட்டாள். கதைக்கிறார்களாம், ஒவ்வொரு நாளும். ‘வேர்’ உண்டு, ‘ஹெட்’ உண்டு, ‘போவேன்’ என்பதற்கு ‘கியெங்’ கூட உண்டு. ‘கிங்’ என்ற இறந்தகாலம் பேச்சிலிருந்து போய் நூற்றாண்டுகள் ஆகியும், அதன் சொந்தக்காரச் சொல் ‘கியெங்’ அவர்களுடைய வாயில் இருக்கிறது. அவனுக்கே அது புதுச் செய்தி. இருவரும் வேறு என்னென்ன வினைகள் இப்படி மிஞ்சியிருக்கின்றன என்று தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, போய்ப் படு என்று நான் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.